பெடல் எங்கே நிற்குது

பெடல் கீழே போனது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே போய் நின்றது என்று காலுக்குத் தெரியவில்லை. தங்கமாயன் டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தரம் பிரேக்கை அமுக்கினான். முழங்கால் நீண்டது, தொடை இறுகியது, இடுப்பில் லேசாய் ஒரு இழுப்பு, அம்புட்டுத்தான், பாதம் வாயைத் திறக்கவில்லை. முன்னெல்லாம் இந்த வலது பாதம் என்னமாய்ப் பேசும். ஒரே ஒரு அமுக்கு போதும், கட்டைவிரலுக்குக் கீழே திரண்டிருக்கிற சதை எல்லாக் கதையும் சொல்லிவிடும், லைனிங் எவ்வளவு மிச்சம், ஆயில் மாற்றி எத்தனை வருசம், எந்தச் சக்கரம் முந்திக்கொண்டு பிடிக்கிறது, எது சோம்பேறி என்று. போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற வண்டிக்காரர்கள் என்ஜினுக்கு எவனிடம் வேண்டுமானாலும் போவார்கள், பிரேக்குக்கு மட்டும் இவனைத் தேடி வருவதற்குக் காரணம் இந்தக் கால்தான். போன வருசம் நுனிவிரலில் மதமதப்பாய் ஆரம்பித்தது. சுண்டுவிரல் முதலில் போனது, அப்புறம் பக்கத்து விரல், அப்புறம் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே குனிந்து பார்த்தபோது முழுப் பாதமும் யாருடையதோ என்று தரையில் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண் மங்கின தையல்காரனிடம் யார் துணி கொடுப்பார்கள், கால் மரத்த மெக்கானிக்கிடம் யார் பிரேக்கைக் கொடுப்பார்கள்? சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விசயம்தான். அது இப்போது பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறது.

ரெஜினா டீச்சருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடம். தினமும் தன் காரில் இன்னும் ரெண்டு டீச்சரையும் சத்துணவு அமைப்பாளர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காலையில் மேலே போவார், சாயந்திரம் இறங்குவார். நேற்று வெள்ளிக்கிழமை இறங்கும்போது பதினோராவது வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்ததாம். தரையைத் தொடப்போகிற சமயத்தில்தான் பிடித்ததாம். விட்டுவிட்டு இன்னொரு தரம் மிதித்ததும் கொஞ்சம் மேலேயே நின்றுகொண்டதாம். அங்கிருந்து ரெண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். பின்சீட்டில் அமைப்பாளரம்மா தூங்கிக்கொண்டு வந்தார்கள், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நானும் சொல்லலை என்று டீச்சர் சொன்னார். இதையெல்லாம் வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில்தான் சொன்னார். திங்கட்கிழமை மறுபடியும் மேலே போகணும், அதுக்குள்ள பாத்துக் குடுங்கண்ணே என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து பேப்பர் கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என்னய்யா வேலை பாத்துக் குடுத்த என்று கேட்டிருக்கலாம். இந்த வண்டிக்கு முன்சக்கரம் ரெண்டிலும் பிரேக் வேலை பார்த்து, இதே சீட்டில் ஏறி அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி நிக்குது டீச்சர், தைரியமா ஓட்டுங்க என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தவன் இவன்தானே. பத்து நாள் கூட ஆகவில்லை. கல்லு மாதிரி. இருபத்தாறு வருசமாய் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால்தான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும். அன்றைக்கும் வந்தது, வாய்க்குப் பழகிப்போனதால் வந்தது.

போதுமணி அன்றைக்கே சொன்னாள். அதுதான் காலையிலிருந்து நெஞ்சில் மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. பட்டறையில் ஆள் நிற்பதில்லை, வந்தவனெல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டான், நாலு வருசமாய் ஏர் எடுக்கும்போது பெடல் அமுக்குவது பெண்டாட்டி போதுமணிதான். பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் ஒருத்தர் மேலே உட்கார்ந்து அமுக்க வேண்டும், இன்னொருத்தர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட வேண்டும். அமுக்கு, புடி, விடு. சும்மா சொல்லக்கூடாது, புருசனும் பெண்டாட்டியும் சண்டையில்லாமல் பேசிக்கொள்கிற வார்த்தை இந்த மூன்றுதான். அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து ஏறி உட்காருவாள், அமுக்கு என்றால் அமுக்குவாள், விடு என்றால் விடுவாள், நடுவில் ரேசன் கடையில் நடந்ததைச் சொல்லுவாள். அன்றைக்கு வேலை முடிந்து இறங்கிச் சேலையை உதறிக்கொண்டே, ஆழமாப் போற மாதிரி இருக்கேங்க என்றாள். உடனே சுருக்கென்று கோபம் வந்தது அவனுக்கு. நீ அமுக்குற வேலையோட நிறுத்து என்றான். டீச்சர் வேறு அப்போதுதான் உள்ளே வந்தார். போதுமணி குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னான்? அவள் சொன்னது சரியா தப்பா என்று பார்க்க அவனிடம் கால் இல்லை. இருந்திருந்தால் ஏறி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு ஆமா, இல்லை என்று ஒன்றைச் சொல்லியிருப்பான், கோபமே வந்திருக்காது. இல்லாதவனுக்குத்தான் வீம்பு வரும். இன்றைக்குக் காலையில் டீச்சர் நடந்ததைச் சொல்லும்போது போதுமணி வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிற கதவில் சாய்ந்து நின்று முழுதும் கேட்டாள். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டு மனசை ஆற்றியிருக்கலாம். அவள் டீச்சருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

சரி, பார்க்க வேண்டியதை வரிசையாய்ப் பார்ப்போம் என்று இறங்கினான். பானெட்டைத் திறந்தான். டப்பாவில் பிரேக் ஆயில் கோடு மட்டத்துக்கு நிற்கிறது. நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் டார்ச் அடித்தான், ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆக ஒழுகல் இல்லை. ஒழுகியிருந்தால் எவ்வளவு சௌகரியம், குழாய் விட்டுருச்சு டீச்சர், அதுக்கு நான் என்ன செய்ய என்று கையை விரித்திருக்கலாம். அடுத்தது மாஸ்டர் சிலிண்டர், காலின் பலத்தை ஆயில் வழியாய்ச் சக்கரத்துக்குத் தள்ளுகிற குழல். அதற்குள் ரப்பர் தேய்ந்திருந்தால் அமுக்கிப் பிடித்திருக்கும்போதே பெடல் நழுவி நழுவிக் கீழே இறங்கும், மணல் சரிகிற மாதிரி இருக்கும். அந்தச் சரிவைப் பாதம்தான் சொல்ல வேண்டும். அவன் மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினான், சீட்டில் ஏறினான், பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஈர்க்கை அதற்குப் பக்கத்தில் ஊன்றி, பெடல் நிற்கிற இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டான். ஒன்று, ரெண்டு, மூன்று என்று அறுபது வரைக்கும் எண்ணினான். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துத் தன் காலையே பார்த்துக்கொண்டு எண்ணினான். வேறு எவனாவது இப்படி ஈர்க்கை வைத்துப் பார்த்திருந்தால் என்ன சிரிப்புச் சிரித்திருப்பான். வெளியிலிருந்து டீச்சர், என்னண்ணே அப்படிக் குனிஞ்சு பாக்குறீங்க என்று கேட்டார். வயரு எதுவும் தொங்குதான்னு பாக்குறேன் டீச்சர் என்றான். பொய் எவ்வளவு சுருக்காய் வருகிறது. ஒரு வருசப் பழக்கம். கீறலை விட்டுப் பெடல் நகரவில்லை. அப்போ மாஸ்டர் சிலிண்டர் நல்லாத்தான் இருக்கிறது.

குனிந்து பார்க்கும்போது பாதம் கறுத்து, ஆயில் அழுக்கோடு, நல்ல ஆரோக்கியமாய்த்தான் தெரிந்தது. பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வீரபாண்டித் திருவிழாவில் கூட அப்படித்தான் ஆயிற்று. சித்திரை வெயிலில் உச்சிநேரம், செருப்பில்லாமல் தார் ரோட்டில் தீச்சட்டி எடுத்துக்கொண்டு போனான். முன்னால் போனவர்கள் எல்லாம் தவ்வித் தவ்விப் போனார்கள், நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று போனார்கள். இவனுக்கு இடது கால் மட்டும் கதறியது. வலது கால் சாவகாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கால் தவ்வி ஒரு கால் நடந்தால் ஊர் சிரிக்குமே என்று இடது காலையும் பல்லைக் கடித்து வலது காலோடு சேர்த்து நடக்கவைத்தான். பார்த்தவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். ஆத்தா இவனுக்குச் சூடு தெரியாமப் பண்ணிட்டா பாரு என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். போதுமணிக்கு அன்றைக்கு முகமெல்லாம் பெருமை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது உள்ளங்காலில் ரெண்டு கொப்புளம், ரூபாய்க் காசளவு. கதவைச் சாத்திக்கொண்டு தானே மருந்து போட்டான். சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும், மாத்திரை போட்டீங்களா என்று தினமும் கேட்பாள், போட்டேன் என்பான், பாதி நாள் அதுவும் பொய். சின்னமனூர் மச்சானுக்கு இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்துக் கணுக்கால் வரைக்கும் எடுத்தார்கள். அதை நினைத்தாலே பயம். நினைக்க வேண்டாம். டீச்சருடைய வண்டியை நினைக்க வேண்டும். ஒழுகல் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் இல்லை, ரெண்டாவது தரம் மிதித்தால் பெடல் மேலே நிற்கிறது. அப்படியானால் உள்ளே காற்று இருக்கிறது, இல்லையென்றால் எங்கேயோ இடைவெளி கூடிப்போயிருக்கிறது. காற்றா இடைவெளியா, முன்னாலா பின்னாலா?

அதற்கு ஒரு வழி உண்டு. சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றிப் பிளேயரால் இறுக்கிக் கவ்வவைத்துவிட்டால் அந்தச் சக்கரம் ஆட்டத்தில் சேராது. ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு வந்தால், எதை அடைக்கும்போது பெடல் உயர்கிறதோ அங்கேதான் வியாதி. அவன் கீழே இருக்க வேண்டும், மேலே ஆள் வேண்டும். போது என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அவள் வந்து ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்கு ரேசன் கடைக் கதை எதுவும் இல்லை. பின்பக்கக் குழாயை அடைத்துவிட்டு அமுக்கு என்றான். அமுக்கினாள். எங்கே நிக்குது என்று கேட்க வேண்டும். கேட்டால் அவள் சொல்வாள். ஆனால் அன்றைக்கு அப்படிச் சொல்லி வாயை அடைத்துவிட்டு இன்றைக்கு எந்த முகத்தோடு கேட்பது. கேட்காமல் எழுந்து நின்று திறந்திருந்த கதவு வழியாய் அவள் முழங்காலைப் பார்த்தான். நீலச் சேலைக்குள் முழங்கால் முழுசாய் நீண்டு சேலை வழவழவென்று இறுகியது. அப்போ பெடல் ஆழத்துக்குப் போகிறது, பின்பக்கம் அடைத்தும் சரியாகவில்லை. முன் இடது குழாயை அடைத்தான். அமுக்கு. முழங்கால் கொஞ்சம் மடிந்தபடியே நின்றது, சேலையில் ரெண்டு மடிப்பு மிச்சம் இருந்தது. முன் வலதையும் அடைத்தான். அமுக்கு. முழங்கால் பாதி மடிந்து அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கம்தான், ரெண்டு சக்கரமும்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் பெண்டாட்டியின் முழங்காலை இவ்வளவு கவனமாய் அவன் பார்த்ததில்லை. அவள் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறது தெரிந்துதான் இருக்கும். ஏன் கேக்காமப் பாக்குறீங்க என்று அவளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது ஒரு கேள்வியாய் அவனுக்குள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போயிற்று.

ஜாக்கி போட்டு முன் இடது சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் பளபளவென்று இருக்கிறது, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிபரும் நன்றாய்த்தான் உட்கார்ந்திருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் இவன் பிரித்து, ரப்பர் மாற்றி, திருப்பி மாட்டின காலிபர். ஒரு மூலையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமப் பொட்டு. அதைத் துடைக்கப் போன விரல் நிப்பிளைத் தேடிக்கொண்டு மேலே போனது. மேலே நிப்பிள் இல்லை. விரல் ஒரு நிமிசம் அங்கேயே நின்றது. நிப்பிள் கீழே இருந்தது. காற்று எப்பவும் உச்சியில்தான் போய்க் குந்தும், அதனால்தான் கம்பெனிக்காரன் நிப்பிளை மேலே வைத்துச் செய்கிறான். வலது காலிபரைக் கொண்டுவந்து இடதுபக்கம் மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். அப்புறம் விடியவிடிய அமுக்கு, புடி, விடு என்று கத்தினாலும் ஆயில்தான் வரும், காற்று மேலே சட்டமாய் உட்கார்ந்திருக்கும். எழுந்து அந்தப் பக்கம் ஓடி வலது சக்கரத்தையும் கழற்றினான். அங்கேயும் நிப்பிள் கீழே. ரெண்டும் இடம் மாறியிருக்கிறது. வேலைக்கு வந்த மூன்றாம் மாசத்தில் கூட இவன் இந்தத் தப்பைச் செய்ததில்லை.

எப்படி நடந்தது என்று தேட வேண்டியதில்லை, சந்தனமும் குங்குமமும்தான் சாட்சி. காலிபர் ரெண்டையும் பிரித்து வைத்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள். அவன் வழக்கம், வலது பக்கத்துச் சாமான் மேசையில் வலதுபக்கம், இடது பக்கத்தது இடதுபக்கம், வேறு அடையாளம் எதுவும் வைக்கமாட்டான், மேசைதான் அடையாளம். மறுநாள் போதுமணி ஸ்பேனரிலிருந்து ஜாக்கி வரைக்கும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வாழையிலை விரித்து, வரிசையாய் அடுக்கி, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டாள். டீச்சர் வண்டிக் காலிபரும் சாமியோடு சாமியாய் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் அவளே எடுத்து மேசையில் வைத்தாள். எது வலது எது இடது என்று அவளுக்கு என்ன தெரியும். ஆ, அப்போ இவள்தான். தங்கமாயனுக்குள் ஒன்று குதித்தது, சொல்லப்போனால் சந்தோசமாய்க் குதித்தது. இவள்தான் மாற்றி வைத்தாள், பூசை போடுகிறேன் பேர்வழி என்று வேலையைக் கெடுத்தாள், கூப்பிட்டுக் காட்ட வேண்டும், டீச்சர் முன்னாலேயே காட்ட வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அந்தச் சந்தோசம் கொஞ்சங் கொஞ்சமாய் வடிந்தது. மாட்டினது யார்? கீழே படுத்து, கீழே இருக்கிற நிப்பிளைக் கையால் தொட்டு, ஸ்பேனர் போட்டுத் திறந்தது யார்? அன்றைக்குக் காலையில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வாங்கின சீட்டு சட்டைப்பையில் இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு, அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தான். கை என்னமோ சொன்னது, ஸ்பேனர் போகிற இடம் வழக்கமாய் இல்லையே என்று சொன்னது. இந்த மாடலுக்கு இப்படித்தான் போல என்று கையை அடக்கிவிட்டான். கை சொன்னதையும் கேட்கவில்லை, பெண்டாட்டி சொன்னதையும் கேட்கவில்லை, கால் ஏற்கெனவே ஒன்றும் சொல்வதில்லை. அப்புறம் எதைக் கேட்டு இந்த வண்டியை மலைக்கு அனுப்பினான்?

என்னண்ணே, தெரிஞ்சுதா என்று டீச்சர் எழுந்து வந்தார். காலிபர் ரெண்டும் எடம் மாறி மாட்டியிருக்கு டீச்சர், அதான் காத்து உள்ளயே நின்னுருச்சு என்றான். மாட்டியிருக்கு. யாரோ தெருவில் போனவன் வந்து மாட்டிவிட்டுப் போனான் என்கிற மாதிரி. டீச்சர் பாடம் நடத்துகிறவர், விடுவாரா, யாரு மாத்துனது என்று கேட்டார். கதவருகே போதுமணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், புடைக்கிற சத்தம் நின்றது. நான்தான் என்றான் தங்கமாயன். புடைக்கிற சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். போல்ட்டைக் கழற்றி, ரெண்டு காலிபரையும் எடுத்து, இதை அங்கிட்டும் அதை இங்கிட்டும் கொண்டுபோய், வாசரைப் புதுசாய்ப் போட்டு மாட்டி, நிப்பிள் மேலே நிற்கிறதா என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் தடவிப் பார்த்தான். பிறகு போதுமணியைக் கூப்பிட்டான். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. தூரத்துச் சக்கரம் முதலில். அமுக்கு, புடி, விடு. முன் இடதைத் திறந்ததும் குழாய் வழியாய்ப் பாட்டிலுக்குள் புளுக் புளுக்கென்று குமிழி வந்தது, வந்துகொண்டே இருந்தது. இத்தனை காற்றா உள்ளே இருந்தது, இத்தனை காற்றை வைத்துக்கொண்டா அந்த மனுசி பதினோராவது வளைவைத் திரும்பினாள். ஆனாலும் குமிழியைப் பார்க்கப் பார்க்க மனசு லேசானது. கடைசியில் குமிழி நின்று ஆயில் மட்டும் கம்பியாய் வந்தது. போதும், இறங்கு என்றான். போதுமணி இறங்கிக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். அமுக்குகிற வேலையோடு நிறுத்திக்கொண்டாள்.

இனி அவன் ஏற வேண்டும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான், வெறுங்காலால்தான் அமுக்குவான், அது அவன் முறை. பெடலில் காலை வைத்தான், வைத்துவிட்டோமா என்று பார்த்துக்கொண்டான், அமுக்கினான். பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. நின்றதைக் கண் சொன்னது. இன்னொரு தரம். அங்கேயேதான். பாதிக்குக் கீழே என்றால் எவ்வளவு கீழே? இந்த வண்டிக்கு அது சரிதானா, ஒரு பொடி கூடுதலா? அமுங்கும்போது முதலில் இளகி அப்புறம் இறுகுகிறதா, எடுத்ததுமே இறுகுகிறதா? ஸ்டியரிங்குக்கு அடியில் இருட்டு. பெடல் நழுவுகிறதா இல்லையா என்று ஈர்க்கு சொல்லும், மிருது கெட்டி சொல்லாது. டீச்சர் கடைசிப் பேப்பரில் மார்க்கைக் கூட்டிப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார், எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எப்படி இருக்குண்ணே என்று கேட்டார். அவன் வாயில் அந்த வார்த்தை தயாராய் இருந்தது. கல்லு மாதிரி நிக்குது. சொல்லிவிடலாம். தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, திருத்தியாயிற்று, காற்று வந்ததைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாய்த்தான் இருக்கும், டீச்சர் கூட நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் பெரிய டிக் போடுவார். மிச்சம் பத்து? அந்தப் பத்து யாருக்கு? திங்கட்கிழமை சாயந்திரம் பின்சீட்டில் அமைப்பாளரம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார்கள். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற அலுப்பு, கண்ணாடியில் தலை மோதுவது கூடத் தெரியாமல் தூங்குவார்கள். அந்த அம்மாவை அவன் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறான், பேர் கூடத் தெரியாது. இப்போது அந்த அம்மாவைத் தவிர வேறெதுவும் நினைப்பில் வரமாட்டேன் என்கிறது. சொன்னால் என்ன ஆகும்? இன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். டீச்சர் நாலு பேரிடம் சொல்லுவார், சொல்லத்தான் வேண்டும். வண்டிகள் வேறு பட்டறைக்குப் போகும். பயமாய்த்தான் இருந்தது, மச்சானின் காலை நினைத்தபோது வந்த அதே பயம். டீச்சர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியலை டீச்சர்" என்றான். குரல் சாதாரணமாய்த்தான் வந்தது. "வலது பாதத்துல உணர்ச்சி கிடையாது. வருசம் ஒண்ணாச்சு. போன தடவை உங்களுக்கு நல்லாருக்குன்னு சொன்னதும் குத்துமதிப்பாத்தான் சொன்னேன். இவ ஆழமாப் போகுதுன்னு சொன்னா, நான் கேக்கலை."

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றது. தங்கமாயன் கீழே இறங்கினான். இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, போது, ஏறி அமுக்கிப் பாத்துச் சொல்லு, எங்க நிக்குது, எப்படி நிக்குது, எல்லாம் நீயே சொல்லு என்றான். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் வலது காலைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். ஒரு தரம் அமுக்கி விட்டாள். திரும்ப அமுக்கி அப்படியே வைத்திருந்தாள். மூன்றாவது தரம் ரொம்ப மெதுவாய் அமுக்கினாள். நாலு வருசமாய் எத்தனை வண்டி, எத்தனை பெடல், அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவள் அவசரப்படவில்லை.

"நல்லாப் புடிக்குது" என்றாள். "ஆனா அதுக்கு முன்னால ஒரு விரக்கடை சும்மா போகுதுங்க."

ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம். அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. கல்லு மாதிரி என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருப்பான். முன்பக்கக் காற்று போய்விட்டது, அப்போ மிச்சம் பின்சக்கரத்தில் இருக்கிறது, லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், உள்ளே லைனிங் ஒட்டின ஷூவை நெருக்கி வைக்க வேண்டும். முன்பக்கமே சரியில்லாதபோது இது மறைந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் டீச்சர் என்றான். டீச்சர் அவனையும் போதுமணியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து பையிலிருந்து அடுத்த பேப்பர் கட்டைப் பிரித்தார். நான் இருக்கேன், நீங்க பாருங்கண்ணே என்றார். தங்கமாயன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். போதுமணி சீட்டிலிருந்து இறங்கவில்லை, காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு கதவு வழியாய்த் தலையை நீட்டினாள்.

"செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க. கீழ பூரா ஆணியாக் கிடக்கு."

அவன் திரும்பி வந்து ஜாக்கியைக் கீழே வைத்தான். குனிந்து, ரெண்டு கையாலும் வலது காலைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.